எதிரிக் கப்பலைத் தலைமேல் நிறுத்தியவள்

நான் எதையும் கெடுப்பதற்காகத் தொட்டதில்லை. சரிசெய்யத்தான் தொடுவேன், கெடுவது அப்போதுதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, குன்னூரில் ஒற்றையறை வீட்டில் குடியிருந்த காலம். கணவருக்கு எஸ்டேட்டில் நாள்கூலி. எனக்கு ராணுவப் பயிற்சிக்கூடம் ஒன்றில் தற்காலிகத் தட்டச்சு வேலை. அதை நிரந்தரமாக்கும் கடிதத்தை நானே தட்டச்சு செய்து, பிழை இருக்குமோ என்று மூன்று முறை படித்து, மேலதிகாரி பொன்னுசாமி சாரின் கையெழுத்துக்கு வைத்திருந்தேன். (நான்காவது முறை எடுத்தபோது அவர் முறைத்தார்.)

சார் கோயமுத்தூர்க்காரர், கடற்படையில் இருந்தவர். அவர் வகுப்பறையில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே பல்சக்கரங்கள், வெளியே ஐந்து முட்கள். எதிரிக் கப்பலின் தூரம், திசை, வேகம் எல்லாவற்றையும் குமிழ்களில் திருகி வைத்தால், நீர்மூழ்கியிலிருந்து டார்பிடோவை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். (இதெல்லாம் பிறகு தெரிந்தது.)

அன்று வெளியூர் அதிகாரிகள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின மாலையே சார் குமிழ்களைத் திருகி முட்களை நிறுத்தி, வரவேண்டிய விடையையும் கரும்பலகையில் எழுதியிருந்தார். கைக்குழந்தையாயிருந்த மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவளை இடுப்பில் வைத்தபடி, முதல் ஆளாகப் போய்த் தூசு தட்டினேன். (யாரும் சொல்லவில்லை.) ஐந்து முட்களும் ஐந்து பக்கம் பார்த்து நின்றன. கொழுந்து நிறுக்கும் முன் தராசு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் என் அம்மா கூடையை இறக்கமாட்டாள். அவள் மகள் நான். ஐந்தையும் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

அதிகாரிகள் வந்தார்கள். சார் பொத்தானை அழுத்தினார். பெட்டி உறுமியது, முட்கள் அசையவில்லை. எதிரிக் கப்பல் எங்கே என்று மூத்த அதிகாரி கேட்டார். சார் குனிந்து பார்த்துவிட்டு, தூரம் பூஜ்யம், கணக்குப்படி நம் தலைமேல் நிற்கிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சார், பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் மின்பணியாளர் மாரியைத் திரும்பிப் பார்த்தார். மாரிக்கு முகம் வெளுத்தது. கையெழுத்தாகாத என் கடிதம் நினைவுக்கு வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம்.

"நாந்தான் தொரை." (தோட்டத்து வார்த்தை, பயத்தில் வந்துவிட்டது.) "முள்ளெல்லாம் பிசகி நின்னிச்சு. நிறுக்கிறதுக்கு முந்தி பூச்சியத்துல வைக்கணுமேன்னு..."

"எதைங்க அம்மணி நிறுக்கறது?"

சார் எண்களைச் சொல்லச் சொல்ல, அத்தனை பேர் முன்னிலையில் நானே குமிழ்களைத் திருகினேன். விடை காட்டும் முள் மெல்ல நகர்ந்து, கரும்பலகையில் இருந்த கோணத்தில் நின்றது.

மாலையில் சார் கடிதத்தில் கையெழுத்திட்டார். அடியில் பேனாவால் ஒரு வரியும் சேர்த்திருந்தார்: தூசு தட்டுதல் இவர் பணியில் சேராது.

இன்றும் வீட்டில் எதையாவது சரிசெய்ய நான் கை நீட்டினால், கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிராமல், "எதிரிக் கப்பல் எங்க நிக்குது?" என்பார். அன்று என் இடுப்பில் இருந்த மகள், இப்போது அவளுக்கும் இடுப்பில் ஒரு பிள்ளை, பேசாமல் தலைக்கு மேலே விரலைக் காட்டுவாள்.