தெப்பத்துக்கு ஒரு பந்தயப் படகு

"தண்ணியில எறக்கி ஒரு சுத்து போய்ப் பாத்துடலாமா சார்?" என்று சாமுவேல் கேட்டதும் சபாபதி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்பா. மணல்லியே நல்லாத் தெரியுது."

கோவளம் கடற்கரையில் அலை எட்டாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார் சபாபதி. எதிரே, மெருகு குலையாத புதுப் படகு. ஒல்லியான ஓடங்கள் இரண்டை அருகருகே வைத்து, நடுவில் கித்தானை இழுத்துக் கட்டி, உயரமாகப் பாய்மரம் நட்டிருந்தது. சென்னையில் ஒரு கம்பெனித் துரை அமெரிக்காவிலிருந்து ஆசையாக வரவழைத்தது. அது வந்து இறங்கிய சமயம் பார்த்து அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. விற்றுவிடும்படி சாமுவேலிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

"துரை இதைக் கட்டுமரம்னுதான் சார் சொல்வாரு."

"கட்டவும் இல்ல, மரமும் இல்ல. இதப் போயி..."

"பந்தயத்துக்குப் போறது சார். காத்து பட்டா பறக்குமாம்."

"பறக்கறது கெடக்கட்டும். சாயுமா?"

"ரெண்டு கால்ல நிக்குதே சார், எப்படிச் சாயும்?"

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அதைவிடச் சாமுவேல் போட்டிருந்த வெள்ளைக் கோட்டும் அதன் பித்தளைப் பொத்தான்களும் போதுமானவையாக இருந்தன. கப்பல் கேப்டன்கள் அப்படி உடுத்தியிருப்பதைச் சபாபதி காலண்டரில் பார்த்திருக்கிறார்.

காஞ்சிபுரத்தில் சபாபதி இருந்த நெசவாளர் தெருவின் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத் தெப்பம் பெரிய விசேஷம். போன வருஷம் பீப்பாய்களைக் கட்டிச் செய்த தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குருக்கள் குளத்தில் விழுந்து, குடுமியைப் பிடித்துத் தூக்கும்படி ஆயிற்று. இந்த வருஷம் சாயாததாக ஒன்று வாங்குவது என்று கமிட்டி முடிவு செய்தது. பட்டு நூல் வாங்க ஊர் ஊராகப் போய்வருகிறவர் என்பதால் சபாபதியை அனுப்பினார்கள்.

படகைப் பற்றி ஒன்றும் தெரியாததால் அவர் தெரிந்ததைச் சோதித்தார். பாய்த் துணியின் ஓரத்தை மடித்தார். கட்டைவிரலால் தேய்த்தார். ஓர் இழையைப் பிரித்து இழுத்துப் பார்த்தார்.

"நெசவு நெருக்கமா இருக்குது. சாயம் போவாது. எடுத்துக்கறேன்."

ஓடங்களை அவர் விரலால்கூடத் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் இருந்தது. சபாபதியின் அண்ணன் குமாரவேல் தென்னேரி ஏரியைக் கரைக்குக் கரை நீந்துவான். ஒரு ஐப்பசியில் இறங்கியவன் அக்கரையில் ஏறவில்லை. அதற்குப் பிறகு அம்மா சபாபதியைக் கிணற்றடிக்குக்கூட விட்டதில்லை. இந்த வயதிலும் அவர் வீட்டு அண்டாவில் மொண்டுதான் குளிக்கிறார். ஆனால் கல்யாணமான புதிதில் மனைவி கலாவதியிடம், "தென்னேரி ஏரிய நான் கரைக்குக் கரை நீஞ்சியிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கதையைச் சொல்கிற நேரத்தில் அண்ணன் தலை தண்ணீருக்கு மேலேயே இருந்தது.

பாயைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, லாரியில் படகு வந்து இறங்கியது. படகைத் துடைத்துப் பராமரிக்கச் சாமுவேலும் கூடவே வந்து சபாபதி வீட்டிலேயே தங்கினார். அன்று மாலையே கலாவதிக்குக் காய்கறி கட்லெட் செய்து காட்டினார்.

"கப்பல்காரங்களுக்குத் தெரியாத வேலையே கெடையாது" என்று சபாபதி வியந்தார்.

கமிட்டித் தலைவர் ராமலிங்கம் படகைச் சுற்றி வந்தார். "நடுவுல இன்னாத்துக்குப்பா இவ்ளோ பெரிய கம்பம்? அறுத்துடலாம்."

சபாபதிக்கு உள்ளே ஒரு பயம் கணக்குப் போட்டது. ஒருவேளை தன்னை ஏறச் சொன்னால்? பிடித்துக்கொள்ள ஒரு கம்பமாவது வேண்டாமா?

"வேணாங்க. அது இருக்கட்டும். அதான் அழகு."

"மொட்டையா நிக்குதே!"

"பட்டு கட்டிடலாம். நம்ம தெருவே நெய்ஞ்சு குடுக்கட்டும்."

தெரு முழுவதும் தறியில் உட்கார்ந்தது. கெட்டிச் சரிகைக் கரையும் மயில் புட்டாவுமாக, பாய்மர உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரு பட்டுத் திரை தயாரானது. சாமுவேல் அதைப் பாய்மரத்தில் நாற்புறமும் இழுத்துக் கட்டினார். "துரை இப்படித்தான் சார் கட்டுவாரு. போட்டோவுல பாத்திருக்கேன்."

தைப்பூசத்தன்று குளம் மேல்படி வரை நிரம்பியிருந்தது. அதைப் பார்த்ததுமே சபாபதி கரையில் கயிறு இழுக்கும் கூட்டத்தின் கடைசி ஆளாகப் போய் ஒதுங்கிக்கொண்டார்.

குருக்கள் படியிலேயே நின்றுவிட்டார். "நீச்சல் தெரிஞ்சவா ஒருத்தர் கூட வந்தாத்தான் நான் ஏறுவேன். போன வருஷம் குடிச்ச தண்ணியே இன்னும் வயித்துல இருக்கு."

கூட்டத்திலிருந்து கலாவதியின் குரல் கணீரென்று வந்தது. "எங்க வூட்டுக்காரரு இருக்காரே! தென்னேரி ஏரியவே கரைக்குக் கரை நீஞ்சினவரு!"

ஊரே திரும்பிப் பார்த்தது. சபாபதிக்குக் கயிறு கையிலிருந்து நழுவியது.

"அட, சொல்லவே இல்லியேப்பா! ஏறு, ஏறு" என்றார் ராமலிங்கம்.

"சாமுவேலு வந்தாத்தான்" என்றார் சபாபதி அவசரமாக. "சுக்கான் புடிக்க ஆள் வேணாமா?"

சாமுவேல் முகம் வெளுத்தது. "நானா சார்?"

"நீதான்பா. நீ இல்லாம இது நகராது."

சாமுவேல் கலாவதியிடம் போய் என்னவோ கேட்டார். கலாவதி கைகளை விரித்து விரித்துப் பதில் சொன்னாள். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. "வரேன் சார்."

அந்தத் தெளிவைப் பார்த்துச் சபாபதியும் ஏறினார்.

நடுவில் முருகன், பக்கத்தில் குருக்கள், பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு சபாபதி, பின்னால் சுக்கானருகே சாமுவேல். நாதஸ்வரம் நிதானமாக ஆரம்பித்தது. கரையிலிருந்து கயிற்றை இழுத்தார்கள். படகு சாதுவாக நகர்ந்தது. சபாபதி கண்ணை இறுக மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது காற்று வந்தது.

பட்டு விம்மிப் புடைத்தது. கயிறு இழுத்தவர்கள் "ஐயோ, கை!" என்று அலறி விட்டுவிட்டார்கள். படகு ஒருமுறை உதறிக்கொண்டு பாய்ந்தது. நீராழி மண்டபம் சபாபதியின் தோளை உரசாத குறையாகப் பின்னால் ஓடியது. நாதஸ்வரக்காரர் எந்தக் காலத்தில் வாசிப்பது என்று தெரியாமல் முருகனைத் துரத்திக்கொண்டு வாசித்தார்.

"சபாபதி! ஒரு கால் மேல கெளம்பறதுடா!" என்று குருக்கள் முருகனைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

உண்மைதான். ஓர் ஓடம் தண்ணீரை விட்டு எழுந்து அந்தரத்தில் நின்றது. கீழே கறுப்பாகத் தண்ணீர். அதற்குள்ளிருந்து அண்ணன் அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது. 'நானும் வரேன் அண்ணா' என்று சொல்ல வாயெடுத்தார். வெளியே வந்தது வேறு.

"சாமுவேலு! புடிப்பா!"

"சார், நீங்க புடிங்க!"

"நீ புடி!"

"நீங்க புடிங்க சார்!"

சுக்கான் யார் கையிலும் இல்லாமல் தானாகத் திரும்பியது; பாய்மரத்தில் முகம் புதைத்திருந்த சபாபதி அதைப் பார்க்கவில்லை. படகு கிழக்குக் கரையைக் குறி வைத்துச் சீறிப் போய், சர்ரென்று படிகளில் வழுக்கி ஏறி, தேங்காய் உடைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றது. ஒரு கீறல் இல்லை. முருகன் மாலைகூடக் கசங்கவில்லை.

"அரோகரா!" என்று எழுந்த சத்தத்தில் புறாக்கள் கோபுரத்தைவிட்டுப் பறந்தன.

"முருகன் மயில்ல போன மாதிரியே இருந்துச்சுப்பா!" ராமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் இதான். இதே மூணு பேருதான்."

சபாபதி படியில் சரிந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சாமுவேல் பித்தளைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். சபாபதி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கேப்டன்னா நீதான்பா கேப்டன். எனக்கு உசுரு குடுத்தவன் நீ."

சாமுவேல் திகைத்துப் போய் அவரைப் பார்த்தார்.

"கேப்டனா? நான் துரை வீட்டு பட்லரு சார், சுக்கானை இன்னிக்குத்தான் தொட்டேன். தென்னேரி ஏரியவே நீஞ்சினவரு கூட வராரு, முழுகினா தூக்கிடுவாருன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே, அந்த தைரியத்துலதானே ஏறினேன்!"