பூட்டு பாயும் ஐந்தாவது விரலும்

சிங்கப்பூரில் அடுத்தவரை நம்பாதவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தன் கட்டைவிரலையே நம்பாதவர் ஒருவர்தான். அவர் பூட்டு பாய்.

ஜாலான் புசாரில் இரண்டு இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே, உள்ளே ஒருவர் தும்மினால் இன்னொருவர் வெளியே போகவேண்டிய அகலத்தில், கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்று வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பிற்பகல்களில் அங்கே வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். யாரும் கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுவேன். பாயிடமும் முதல் நாளே சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிச்ச புள்ளயா? அப்ப உன்கிட்ட டபுள் ஜாக்கிரதையா இருக்கணும் லா."

அவர் தன் கைபேசியைத் திறப்பதைப் பார்க்கவே ஆள் சேரும். முதலில் தெருவைப் பார்ப்பார். பிறகு கூரையைப் பார்ப்பார். பிறகு கைபேசியைச் சட்டைக்குள் விட்டு, தலையையும் உள்ளே நுழைத்துத் திறப்பார். வெளியே வந்ததும் கைக்குட்டையால் கைபேசியின் கண்ணாடியைத் துடைப்பார். கடவு எண் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தூங்கும்போது யாராவது விரலைப் பிடித்து அழுத்திவிடுவார்கள் என்று கையுறை போட்டுக்கொண்டுதான் படுப்பார்.

"யாரும்மா வந்து அழுத்தப் போறா? வீட்ல நானும் இவரும்தான்," என்று அவர் மனைவி ஒருமுறை கடைக்கு வந்து என்னிடம் புலம்பினார்.

பாய் மனைவியைப் பார்த்தபடியே, "அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

இதற்கெல்லாம் நானும் சிரித்தேன், ஒரு நாள்வரை. உட்லண்ட்ஸிலிருந்து வந்த ஒருவர், பக்கத்துக் கடையில் புரோட்டா சாப்பிட்ட கையோடு வந்து, பேட்டரி மாற்றவேண்டும் என்று கைபேசியை நீட்டினார். பாய் அதைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்தார். திரையில் எண்ணெய்க் கோடு பளபளத்தது. மேலிருந்து கீழே, அங்கிருந்து வலது பக்கம். அதன்மேலேயே விரலை இழுத்தார். கைபேசி திறந்துகொண்டது.

"ஐயோ பாய்! எப்படி?"

"'ட' தானே போட்டு வச்சிருக்கீங்க? ஒம்பது புள்ளியைக் காட்டினா நம்மாளுங்க ஒண்ணு 'ட' போடுவாங்க, இல்லாட்டி 'ப' போடுவாங்க. உங்க பேங்கு, உங்க பொண்டாட்டி போட்டோ, எல்லாம் இப்ப என் கையில. சாப்பிட்டா கையைக் கழுவுங்கண்ணே!"

அந்த மனிதரின் முகம் வெளுத்தது. என் முகமும்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற நான் வைத்திருந்ததும் 'ட' தான். அதன்பிறகு, ரயிலில் பின்னால் யாராவது கொஞ்சம் பலமாக மூச்சுவிட்டால்கூடக் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவேன். செம்பவாங்கில் வீட்டுக் கதவைச் சாத்தும்வரை வெளியே எடுக்கமாட்டேன். கடையிலிருந்து சம்பளத்தோடு பயத்தையும் வாங்கிக்கொண்டு போனேன்.

கடையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. விரல்ரேகை வைக்கும் பகுதியை மாற்றினால், நம் விரல் ஒன்றைப் பதிந்து சோதிக்கவேண்டும். சோதித்த கையோடு அழித்துவிடவேண்டும். பாயின் சொந்தக் கைபேசிக்கே ஒருமுறை அந்தப் பகுதி மாற்றவேண்டி வந்தது.

"உன் கட்டைவிரலை வை. டெஸ்டிங்கு."

வைத்தேன். திறந்தது.

"அழிச்சிட்டீங்களா பாய்?"

"பின்ன? உன்னையெல்லாம் உள்ள விட்டு வைப்பேனா?"

இன்னொரு நாள் பேச்சுவாக்கில், "ஒரு மருந்து எனக்கு ஆகாது. ஊசி போட்டு, மூச்சே நின்னு திரும்பி வந்தவன் நான்," என்றார்.

"என்ன மருந்து பாய்?"

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அது தெரிஞ்சவன் என்னை என்ன வேணா பண்ணலாம்."

"ஒரு தாள்ல எழுதியாவது பாக்கெட்ல வைங்க."

"தாளுக்குப் பூட்டு இருக்கா?"

அவர் மனைவி நாகூருக்குப் போயிருந்த வாரம். பாய்க்குக் காலையிலிருந்தே காய்ச்சல். கிளினிக்குக்குப் போகச் சொன்னால், "அங்க பேரு, பொறந்த தேதி எல்லாம் கேப்பாங்க," என்று மறுத்துவிட்டார். மூன்று மணி வாக்கில் முக்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். உடம்பு கொதித்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் தமிழர். "அலர்ஜி ஏதாச்சும் இருக்கா சிஸ்டர்? ஹாஸ்பிட்டல்ல மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி தெரியணும்."

"இருக்கு. ஒரு மருந்து ஆகாது. பேரு தெரியாது."

"அடையாள அட்டை, ஐசி இருந்தா ரெக்கார்டு பாக்கலாம்."

"வீட்ல வச்சுப் பூட்டியிருக்கார்."

"வைஃப் நம்பர்?"

பாயின் சட்டைக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தேன். எல்லாம் அதற்குள்தான்.

ஐந்து முறை தவறினால் அது விரலை ஏற்காது, எண் கேட்கும். வருகிறவர்களுக்கெல்லாம் இதைத் தினமும் ஒப்பிப்பவள் நான். பாயின் வலது கட்டைவிரலை வைத்தேன். கைபேசி ஓர் அதிர்வோடு மறுத்தது. ஆள்காட்டி விரல். மறுத்தது. இடது கட்டைவிரல். அதுவும் இல்லை. எல்லோரும் வைத்துப் பார்க்கிற விரல்களை இவர் பதிந்திருக்கவே மாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. இடது சுண்டுவிரலை வைத்தேன். வியர்வையில் வழுக்கியது. மறுத்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை. பாய் மூச்சுவிடுவது கேட்கிறதா என்று ஒரு கணம் குனிந்து பார்த்தேன். அவரைத் தூக்குப் படுக்கையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் படித்த ஒன்றும் கைகொடுக்கவில்லை. எந்த விரல்? விரல் வைக்கும் கண்ணாடி முழுக்க அவர் வியர்வை. கைக்குட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. என் கட்டைவிரலாலேயே துடைத்தேன்.

திறந்துகொண்டது.

படங்களில் முதலாவதாக இருந்தது ஏதோ மருத்துவமனையின் அட்டை. அதில் ஆகாது என்று குறித்திருந்த மருந்தின் பெயரை ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படித்தேன். ஆம்புலன்ஸ்காரர் எழுதிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல வேளை சிஸ்டர். இந்தக் காய்ச்சலுக்கு இதைத்தான் மொதல்ல போட்டிருப்பாங்க."

அவர்கள் பாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அதே கைபேசியிலிருந்து நாகூருக்கு அழைத்து அவர் மனைவியிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தபோது, பாய் போர்வைக்குள் தலையை விட்டுக் கைபேசியைத் திறந்துகொண்டிருந்தார். உயிர் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"பாய், என் விரலை நீங்க அழிக்கவே இல்லையா?"

கூரையைப் பார்த்தார். "மறந்துட்டேன் லா."

ஒரு நாளைக்கு இரண்டு எண் மாற்றி, ஒன்றைக்கூட மறக்காத மனிதர்.

"இப்ப அழிச்சாச்சு. நம்பரும் மாத்தியாச்சு. சந்தோசமா?"

படிப்பு முடிந்து நான் கடையைவிட்டு நின்ற கடைசி நாளில், புதுக் கைபேசி ஒன்றை மேசைக்கடியில் நீட்டினார். தெருவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"புதுசு. விரலை வை. டெஸ்டிங்கு."

"டெஸ்ட் பண்ணதும் அழிச்சிடுவீங்கல்ல?"

"பின்ன?"

கட்டைவிரலைத் துப்பட்டாவில் இரண்டு முறை நன்றாகத் துடைத்துவிட்டு, அழுத்தமாக வைத்தேன்.