கண் மூடிய பன்னிரண்டு பேர்

முதல் படத்தில், வரிசையாக நின்ற பன்னிரண்டு தொழிலாளிகளில் ஸ்டோர்கீப்பர் மட்டும்தான் கண்ணை மூடியிருந்தார்.

"பரவாயில்ல, இன்னொண்ணு எடுங்க," என்றாள் அவள். முன்னால் குனிந்து நின்ற போட்டோகிராபர் கேமராவிலிருந்து தலையை எடுக்காமலே சரி என்றார்.

அந்த மெத்தைக் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் அவள் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. புது விளம்பரப் புத்தகத்துக்கு வாடகை மாடல்கள் வேண்டாம், நம் தொழிலாளிகளையே படம் எடுக்கலாம் என்று முதலாளியிடம் அடித்துப் பேசியவள் அவள்தான். நாலு மணிக்குள் படம் அச்சகத்துக்குப் போகாவிட்டால் மாடல்களையே வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்ன தோரணையைப் பார்த்தால், அவள் இடத்துக்கும் வேறு ஆளை வைத்துக்கொள்வார் போலிருந்தது. அதனால்தான் காலையிலேயே போட்டோகிராபரை மட்டும் கூட்டிக்கொண்டு தலைமை அலுவலகத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்துவிட்டாள்.

இரண்டாவது படத்தில் ஸ்டோர்கீப்பரோடு பக்கத்து ஆட்கள் இருவரும் கண்ணை மூடியிருந்தார்கள். வெளிச்சம் கூசுகிறதோ என்று ஒரு விளக்கை அணைக்கச் சொன்னாள். மூன்றாவதில் ஐந்து பேர். தையல் இயந்திரங்களை நிறுத்தியிருந்ததால் கூடம் முழுக்க ஒரே நிசப்தம்.

எல்லோரையும் வெளியே முற்றத்துக்கு அழைத்துப் போனாள். நல்ல பகல் வெளிச்சம். எட்டுப் பேர்.

"மெத்தைக் கம்பெனிதானே மேடம். எல்லாரும் தூங்குற மாதிரி இருந்தா வியாபாரத்துக்கு நல்லதுதான்," என்றார் போட்டோகிராபர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் போய் எடுத்துச் சொல்லலாம் என்று நடந்தாள். அவள் நெருங்க நெருங்க, பன்னிரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல ஓரடி பின்வாங்கினார்கள். ஸ்டோர்கீப்பர், தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று போகப் பார்த்தார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். தன் முகம் புத்தகத்தில் வரப்போகிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, துவைத்துத் தேய்த்த உடுப்பில் வந்திருந்த தையல்கார அக்காகூடத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பாவம், கேமராவைக் கண்டு மிரள்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "இந்தப் படம் வரலைன்னா எனக்கு வேலை போயிடும். கேமராவை மறந்துடுங்க. என்னை மட்டும் பாருங்க, போதும்."

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். பேக்கிங் ஆள் ஏதோ சாமி பெயரை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

மணி மூன்றரை. அவள் தையல்கார அக்காவின் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், என்ன குறை என்றாலும் தைரியமாகச் சொல்லும்படி கெஞ்சினாள்.

அக்கா கண்ணைத் திறக்காமலே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"உங்க மேல ஒரு குறையும் இல்ல மேடம். போட்டோகிராபர் தவிர இன்னொருத்தர் இருக்காரே, அவரும் ஹெட் ஆபீஸ்லேர்ந்து உங்ககூட வந்தவராச்சேன்னுதான் யாரும் வாயைத் திறக்கல. உங்க தோள்ல தாடையை வச்சுக்கிட்டு நிக்கிறாரே, ஒரே ஒரு படம் எடுக்கிற வரைக்கும் அவரைக் கொஞ்சம் அந்தப் பக்கமா போயிருக்கச் சொல்லுங்களேன்."