வால்வெள்ளி பார்த்த மாமாவுக்கு வயது என்ன?

பசுந்தாங், ரங்கூன்.
1925, ஆடி மாதம்.

மதிப்பிற்குரிய மச்சான் அமீர் அலி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை லத்தீபாவின் புருஷன் ஜமால் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம், லத்தீபா சுகம், பிள்ளைகள் சுகம். தங்கள் வாப்பா பர்கத்துல்லா மாமா மட்டும் அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறார். அதனால்தான் இந்தக் கடுதாசி. கண்டதும் நாகூரை விட்டுப் புறப்பட்டு அடுத்த கப்பலில் வந்து சேரவும். மாமாவுக்குக் கல்யாணம்.

பெண் நூர் பீவி, எங்கள் தெருவில் இடியாப்பக் கடை வைத்திருக்கும் விதவை. ஐம்பது வயதிருக்கும். நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மாமாவின் வயதில். அந்த ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்தெட்டாம் வருஷத்தைத் தாங்களும் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். எட்டு வயசுப் பிள்ளையாக நாகூர்க் கடற்கரையில் நின்று வால்வெள்ளி பார்த்தாராம். வால் நீண்ட வாரத்தில் தெருவில் யார் யார் பிறந்தார்கள், யார் யார் மௌத்தானார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார். ஐப்பசியில் கும்பினி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்ததைத் தமுக்கடித்துச் சொன்னார்களாம். கார்த்திகையில் தன் வாப்பாவோடு ரங்கூனில் வந்து இறங்கினால், டில்லி பாதுஷாவையும் கைதியாகக் கொண்டுவந்து இறக்குகிறார்களாம். அந்த வருஷத்துக் கதையை அவர் அவிழ்த்துவிடாத சாயங்காலம் இந்தத் தெருவில் கிடையாது, டீக்கடைக்காரர் அதற்காகவே நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.

இப்படியிருக்க, போன வெள்ளிக்கிழமை நூர் பீவியின் அண்ணன் அய்யூப் பேச்சு முடிக்க எங்களைக் கூப்பிட்டார். போனோம். மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார். ஐம்பத்தெட்டு என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அய்யூப் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், அங்கே ஒரு பல்லி என்னைப் பார்த்தது.

"பாதுஷாவப் பார்த்தப்ப எட்டு வயசுன்னு சொல்வீங்களே பாய், கணக்கு இடிக்குதே" என்றார் அய்யூப்.

"அது எங்க வாப்பா பார்த்தது. கேட்டுக் கேட்டு என் கண்ணுல ஒட்டிக்கிச்சு."

அப்படியானால் தமுக்கு? அதுவும் வாப்பா கேட்டதுதானாம். வால்வெள்ளி? அதுவும் வாப்பாவுடையதாம். மச்சான், இத்தனை வருஷம் தெருவே எழுந்து நின்று மரியாதை கொடுத்த மனுஷர், ஒரு கல்யாணத்துக்காக அத்தனையையும் கழற்றி அய்யூப் காலடியில் வைத்துவிட்டு வெறும் ஐம்பத்தெட்டு வயசோடு உட்கார்ந்திருந்தார். அய்யூப் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து நூர் பீவி தன் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார்.

"அப்ப எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் நானா. வால்வெள்ளியப் பார்த்த மனுஷன், வீட்டுல பேச்சுக்குப் பஞ்சமிருக்காதுன்னுதான் சரின்னேன். ஒண்ணுமே பார்க்காத ஆம்பளைங்கதான் தெரு முழுக்க இருக்காங்களே."

மாமா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "பார்த்தேன். எனக்கு எழுபத்தஞ்சு வயசு" என்றார்.

வால் எந்தப் பக்கம் இருந்தது என்று திரை கேட்டது. மாமா எழுந்தார். மேற்கே இப்படி, பிறை மாதிரி வளைந்து, என்று கையை வீசினார் பாருங்கள், அய்யூப்பின் கண்ணாடி விளக்கு கீழே போயிற்று. அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் நிக்காஹ் தேதி வைத்தாகிவிட்டது.

லத்தீபா அழுகிறாள். எழுபத்தைந்து வயசில் தாடி பாதி கறுப்பாக இருக்குமா, இந்தப் பெண்ணுக்காக மை தடவியிருக்கிறார் என்று எலுமிச்சம்பழமும் சோப்பும் போட்டு அவர் தாடியைத் தேய்த்துப் பார்த்தாள், அசையவில்லை. ஜெர்மன் மையாக இருக்கும். இத்தனை வயசானவரை மணமேடையில் உட்கார்த்திவைத்து நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் ஊர் என் தலையில்தான் பழியைப் போடும். தாங்கள் மூத்த மகன், தாங்கள் சொன்னால் கேட்பார். எப்படியாவது வந்து நிறுத்திவிடுங்கள்.

தங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். தர்காப் பக்கம் போனால் எங்கள் எல்லோருக்காகவும், முக்கியமாக எனக்காகவும், துஆ கேட்கவும்.

இப்படிக்குத் தங்கள் மச்சான்,
ஜமால்

பின்குறிப்பு: கடுதாசியைத் தபாலில் போடக் கிளம்பியபோது மாமா என்னைத் தனியே அழைத்துக் கதவைச் சாத்தினார். "சத்தியமா எனக்கு ஐம்பத்தெட்டுதான் மாப்பிள்ளை. அன்னைக்கு அய்யூப்கிட்ட முதல்ல சொன்னதுதான் நிஜம். நூர் பீவிக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்" என்றார். நம்புவதற்காக அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டினார். ஆகவே தாங்கள் நிறுத்த வரவேண்டாம், சாப்பிட வந்தால் போதும். எழுபத்தைந்துக்குத் தக்கபடி இருக்க ஒரு கைத்தடி வாங்கியிருக்கிறார். இன்று மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிவிட்டார். மேலே வந்த பிறகுதான் ஞாபகம் வந்து, இறங்கிப் போய்த் தடியை எடுத்துக்கொண்டு இருமியபடியே மறுபடியும் ஏறி வந்தார்.