பாலத்துக்கு எதிரே படுத்தவன்

பெண் வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை புகழ்வேந்தன் பாத்ரூம் தரையில் செல்போனோடு குப்புறப் படுத்திருந்தான்.

ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையில் அரையிறுதி. அணியில் அவனுக்கு மெஷின் கன். இதுவரை அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, முதல் ஆளாகச் செத்ததுதான் அவன் சாதனை. 'கரும்புக்காடு' என்ற பெயரில் ஆடும் கேப்டன் பேசவே மாட்டார், எல்லாம் எழுத்தில்தான். கண்டிப்பைப் பார்த்தால் ரிட்டயரான போலீஸ்காரராக இருக்க வேண்டும் என்பது இவன் கணிப்பு. இன்று கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தார்.

"பாலத்துக்கு எதிர்ல படு. ரெண்டு மூணு குண்டா வுடு. யாரையும் தொரத்தாத. அவனுங்க தல தூக்காம இருந்தா போதும்."

படுக்கச் சொன்னது விளையாட்டில் இருப்பவனை. இவன் தானும் சேர்ந்து படுத்துவிட்டான்.

காலையில் ஆட்டம், மதியம் விருந்தாளிகள் என்பதுதான் ஏற்பாடு. கரையாம்புத்தூரிலிருந்து அவர்களுக்கு இன்றைக்கென்று பஸ் உடனே கிடைத்துத் தொலைத்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரும் வழக்கமில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். செல்வகுமாரியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் தாங்கவே மாட்டான்.

அம்மா பாக்யலட்சுமி கதவைத் தட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தான். அவள் அதை அப்படியே ஹாலில் போய்ச் சொன்னாள். பெண்ணின் மாமா சுப்பராயலு நல்ல மனுஷர். ஓமத்தண்ணீர் போடச் சொல்லி, டம்ளரோடு கதவருகே வந்து நின்றுகொண்டார்.

பதற்றத்தில் புகழ்வேந்தன் விரலை எடுக்காமல் சுட்டான். ஹெட்போன் ஹாலில் இருந்தது. படபடவென்று வெளியே கேட்ட சத்தத்தில் சுப்பராயலுவின் முகம் மாறியது.

"இது ஓமத்துக்கு அடங்காதும்மா. ஆட்டோ சொல்லுங்க."

சத்தத்தை மறைக்கக் குழாயைத் திறந்தான். வாளி நிரம்பி, தண்ணீர் கதவுக்கு அடியில் போய் அவருடைய புது வேட்டியை நனைத்தது. உள்ளே, ஓயாமல் சுட்டதில் துப்பாக்கி சூடாகி நின்றுவிட்டது. எதிரிகள் பாலத்தில் கால் வைத்தார்கள்.

உண்மையைக் கேப்டனுக்கு எழுதினான். "பொண்ணு வூட்டுக்காரங்க வந்துட்டாங்க. பாத்ரூம்ல இருக்கேன். போவட்டுமா?"

ஒரே வார்த்தையில் பதில் வந்தது. "நவுராத."

நகரவில்லை. துப்பாக்கி ஆறியதும் இரண்டு குண்டு, கொஞ்சம் தள்ளிப் படுத்து மூன்று குண்டு. ஒருவனும் பாலம் தாண்டவில்லை. அந்த நேரத்தில் மற்றவர்கள் பின்பக்கமாகப் புகுந்து ஆட்டத்தை முடித்தார்கள். அவன் சாகாமல் நின்று ஜெயித்த முதல் ஆட்டம்.

சொட்டச் சொட்ட வெளியே வந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அத்தை விருத்தாம்பாள், பையனுக்குத் தீராத சீக்கு என்று முணுமுணுத்தபடி போனோடு தெருவுக்குப் போயிருந்தாள். பாலத்தைக் காப்பாற்றி, கல்யாணத்தைக் கோட்டை விட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

விருத்தாம்பாள் குழம்பிப்போய்த் திரும்பி வந்தாள்.

"வேணாம்னு சொல்லத்தான் பொண்ணுக்குப் போன் போட்டேன். அது வுழுந்து வுழுந்து சிரிக்குது. கேப்டனுக்குச் சம்மதம்னு மாப்ளகிட்ட சொல்லிடுங்குது. அது யாரு தம்பி கேப்டன்?"