நேசத்தை நிப்பாட்டுங்கோ

"படத்தில இருக்கிற தலைமயிர் பத்து வருசத்துக்கு முந்தினது. கேக்கிற சீதனம் மட்டும் இண்டையான் விலை!"

வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பற்றி நேசம் முகநூலில் இப்படி எழுதி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தைக் கலியாணத் தரகர் கதிர்காமநாதனின் தொலைபேசி அலறத் தொடங்கியது.

நேசம் அவருடைய கந்தோரில் வேலை செய்பவள். சேர்ந்த அன்றே, கந்தோர்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, "ஐயாவா என்னை வேலையால அனுப்பும்வரைக்கும் வேற இடத்தில சம்பந்தம் பேசமாட்டன்" என்று அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டார். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க வேண்டும், பிள்ளையாருக்கு வேண்டாம். இந்தக் கெட்டித்தனத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் அழைத்தது கொட்டாஞ்சேனை றேணுகா. மூன்று பெண்களைப் பெற்றவர்.

"உந்த நேசத்தை உடன வேலையால நிப்பாட்டுங்கோ!"

பெண் வீட்டாருக்கே இவ்வளவு கோபமென்றால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? கதிர்காமநாதன் நேசத்தைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அதை அழியும்."

"பொய்யெண்டாச் சொல்லுங்கோ ஐயா, இப்பவே அழிக்கிறன்."

அந்தப் படங்களைத் தெரிந்தெடுத்தவரே அவர்தான்.

"அப்ப, எல்லாரையும் சொல்லேல்லை எண்டாவது போடும்."

போட்டாள். "எல்லா மாப்பிள்ளையளையும் சொல்லேல்லை. எங்கட கந்தோரில படம் தந்தவையை மட்டும்தான்."

மத்தியானத்துக்குள் பெண்ணைப் பெற்ற இன்னும் ஏழெட்டுத் தாய்மார். எல்லாருக்கும் ஒரே பல்லவி: "நேசத்தை நிப்பாட்டுங்கோ!"

கதிர்காமநாதன் தானே களத்தில் இறங்கினார். "எமது மாப்பிள்ளைகளின் தலைமயிருக்கு நாமே உத்தரவாதம்" என்று எழுதினார். உடனே கனடாவிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப என்ர மனுசன்ர தலைக்கு என்ன நடந்தது?" கூடவே படமும் போட்டிருந்தாள்.

இனித் தாங்காது.

"கடைசியாக் கேக்கிறன் பிள்ளை. அழிச்சா வேலை இருக்கு."

நேசத்தின் கண் கலங்கியது. அறை வாடகை கட்ட வேண்டும், வீட்டுக்கும் காசு அனுப்ப வேண்டும்.

"அழிக்கமாட்டன் ஐயா. நம்பி வாற பெட்டையள் ஏமாறக் கூடாது."

அவர் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். என்ன பெண்ணப்பா அவள்! வேலையைப் போகவிட்டாள், ஒரு வரியை விடவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கதிர்காமநாதன் மின்விசிறியின் கீழ் அப்பாடா என்று சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் றேணுகா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"நீங்கள் சொன்னமாதிரி நிப்பாட்டிப்போட்டன்" என்றார் கதிர்காமநாதன். "இப்ப திருப்திதானே?"

"நல்ல திருப்தி! நீங்களா அனுப்பினாத்தானே அவவின்ர சத்தியம் விடும், அதுதான் நாங்கள் எல்லாரும் போன் அடிச்சனாங்கள். என்ர மூண்டு பிள்ளையளின்ர சாதகத்தையும் திருப்பித் தாங்கோ, நேசம் கீழ நிக்கிறா."