ஆட்டம் இல்லாத பெட்டி

கோட்டு சூட்டைப் பெட்டிக்குள் வைப்பதில் பெட்டி அண்ணாச்சியை மிஞ்ச இந்தியாவிலேயே ஆள் கிடையாது. வெளிநாட்டில் இருக்கலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு வியர்க்காது, அதனால் அவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

தூத்துக்குடியில் அலங்காரத்துக்கான காய்ந்த பூ ஏற்றுமதி செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் ஷிப்பிங் மேனேஜர், சாத்தான்குளத்துக்காரர். தாமரைக் காய், பருத்திக் காய், சோளக் கதிர் என்று காய்ந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடைத்து, அட்டைப்பெட்டிகளைக் கன்டெய்னரில் அடைத்துக் கப்பலேற்றுவது அவர் வேலை. அவருக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு. ஆட்டம் இருக்கக் கூடாது. அதாவது உள்ளே வைத்த பொருள் இம்மியும் அசையக் கூடாது. காலையில் டிபன் பாக்ஸைக் கூடக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் வந்தால் அண்ணி இன்னொரு இட்லி வைத்தாக வேண்டும்.

போன வருடம் நான் முதல்முறையாக ஜெர்மனி போக வேண்டி வந்தது. அண்ணாச்சியும் கூட வருவதாக ஏற்பாடு. பெட்டி வாங்க அவரையே அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அண்ணாச்சி குனிந்து உள்ளே நுழைந்தார்.

"பயப்படாதீரும். இந்தத் தடவ தண்ணி ஊத்திப் பாக்க மாட்டேன்."

தண்ணீர் ஊற்றவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டி மேலும் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்தார். சக்கரம் வைத்ததைத் தொடக்கூட இல்லை.

"சக்கரம் வச்சத வாங்காதலே. அது போற இடத்துக்குத்தான் நீ போவணும்."

கடைசியில் சக்கரம் இல்லாத, கல்லுமாதிரி ஒரு பெட்டியை என் தலையில் கட்டினார். கடைக்காரர் கும்பிட்டு வழியனுப்பினார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு இருந்தது. எங்கள் ஆபீசில் யார் வெளிநாடு போனாலும் கோட்டை அண்ணாச்சிதான் அடுக்கித் தருவார். மீட்டிங் அறையைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்வார். போன இடத்தில் பிரித்தால் கோட்டின் தோள்பட்டை உள்ளே ஆள் இருப்பதுபோல நிமிர்ந்து நிற்குமாம். உள்ளே என்னதான் வைக்கிறார்? பேப்பரா, பஞ்சா? போய்வந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள், சொல்ல மாட்டார்கள். அவரிடமே கேட்டேன்.

"அண்ணாச்சி, தோளுக்குள்ள என்ன வைக்கீய?"

"அங்கன போய்ப் பிரிச்சுப் பாரு, தெரியும்."

இந்தப் பயணம் சாதாரணமானதில்லை. எங்கள் சரக்கில் பாதியை வாங்கும் ஜெர்மனிக்கார அம்மாள் கோபத்தில் இருந்தார். அனுப்பிய பூவெல்லாம் தூளாக வந்து சேர்வதாகப் புகார். நேரில் வந்து காரணம் சொல்லாவிட்டால் ஆர்டர் ரத்து என்று சொல்லிவிட்டார். ரத்தானால் தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் களத்தில் பூ உலர்த்தும் பெண்களுக்கு வேலை இருக்காது. 'கப்பல்காரன் சரியாகக் கையாளவில்லை' என்று சொல்லும்படி முதலாளி எனக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார். முக்கியமான பயணம் என்பதால் அண்ணாச்சி என் பெட்டியை வழக்கத்தைவிட இறுக்கி அடைத்து, மேலே உட்கார்ந்துதான் பூட்டினார்.

ஜெர்மனியில் இறங்கியதும் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கோட்டைத் தூக்கினார். தோள்பட்டையிலிருந்து வெள்ளைத் தூள் பொலபொலவென்று மேசையில் கொட்டியது.

இன்னும் இரண்டு அதிகாரிகள் ஓடி வந்தார்கள். ஒரு நாயும் வந்தது. அண்ணாச்சி மட்டும் பதறவில்லை. ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து வாயில் போட்டுச் சப்புக்கொட்டினார்.

"மக்ரூன் சார். எங்க ஊர் ஸ்பெஷல். முட்டை, சுகர், கேஷ்யூ. நாய்க்கும் குடுக்கலாம்."

"அண்ணாச்சி, கோட்டுக்குள்ள எதுக்கு மக்ரூன் வச்சீய!"

"பேப்பர் வச்சா போற இடத்துல திங்க முடியுமால?"

தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் இல்லாமல் யாரும் வெளியூர் கிளம்புவதில்லை என்பது உண்மைதான். அதற்காக இப்படியா! அதிகாரிகள் தூளை ஏதோ மருந்தில் தொட்டுப் பார்த்தார்கள், கோட்டின் தோள்பட்டைத் தையலைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். கோட்டின் ஒரு கை மட்டும் கழன்று தொங்கியது.

அண்ணாச்சி நகரவில்லை. மேசையில் கிடந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் காகிதத்தில் கூட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஏலே, பூவும் இப்படித்தாம்லே போயிருக்கும். கப்பல்காரன் மேல தப்பு இல்ல. நாந்தான் மூச்சுவிட எடமில்லாம அடைச்சிருக்கேன்."

டாக்ஸியில் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அவர் ஆள் கனமானவர். நான் உள்ளே தொலைந்துபோனேன்.

"தோள் ரெண்டு பக்கமும் தொங்குது அண்ணாச்சி. ஒரே ஆட்டம்."

"இருக்கட்டும்லே. ஆட்டம் இருந்தாத்தான் நொறுங்காது."

இருபது வருட வேதத்தை ஒரு டாக்ஸிக்குள் மாற்றிக்கொண்ட மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்து, முதலாளி சொல்லிக்கொடுத்தபடி கப்பல்காரனைப் பற்றி ஆரம்பித்தேன். குளிரில் சட்டையோடு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார். காகிதத்தைப் பிரித்து மக்ரூன் தூளை மேசையில் வைத்தார்.

"மேடம், கப்பல் நோ மிஸ்டேக். மை மிஸ்டேக். டூ டைட். நெக்ஸ்ட் டைம் பூ வில் பிரீத்."

முதலாளி காதுக்குப் போனால் அண்ணாச்சி வேலை அன்றோடு சரி. அந்த அம்மாள் தூளைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். விரலால் கொஞ்சம் தொட்டு ருசித்தார். சிரித்துவிட்டு, ஒரு கன்டெய்னர் மட்டும் அனுப்பிப் பாருங்கள் என்றார். அனுப்பினோம். பூ பூவாகவே போய்ச் சேர்ந்தது. களத்தில் ஒரு பெண்ணுக்கும் வேலை போகவில்லை. முதலாளியிடம் அந்த அறையில் நடந்ததை நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இப்போது அண்ணாச்சி யார் பெட்டியை அடுக்கினாலும் மேலே ஒரு சாண் இடம் விடுகிறார். மக்ரூனைத் தனி டப்பாவில் வைக்கிறார். குலுக்கிப் பார்த்து, சத்தம் கேட்டால் முகம் மலர்கிறது.

எனக்குக் கோட்டு மடிக்க இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டு, "அண்ணாச்சி, எனக்கு இது வரமாட்டேங்குது, கொஞ்சம் வாங்க" என்று போன் போடுகிறேன்.